ஆள் குறைந்த ஊரில் வாடகை ஏன் ஏறியது? கத்ரீனாவுக்குப் பிந்தைய நியூ ஆர்லியன்ஸ்

ஒரு பெரும் புயல் ஊரையே புரட்டிப் போட்டுவிட்டுப் போனால் அங்கே வாடகை இறங்கத்தானே செய்யும் என்று தோன்றும். பாதி சனம் ஊரை விட்டுப் போயாச்சு, தெருத்தெருவாக வீடுகள் காலியாகக் கிடக்கின்றன, அப்புறம் யார் கூடுதல் வாடகை கொடுக்கப் போகிறார்கள்? ஆனால் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து நியூ ஆர்லியன்ஸில் நடந்தது நேர் எதிர். கத்ரீனா புயல் கரையைக் கடந்தது 2005 ஆகஸ்ட் 29 அன்று. அந்த ஆண்டு, இரண்டு படுக்கையறை வீட்டுக்கு அமெரிக்க வீட்டுவசதித் துறை கணக்கிட்டிருந்த நியாய வாடகை, அதாவது சந்தை நிலவரத்தை வைத்துப் போட்ட மதிப்பீடு, மாதம் 676 டாலர். 2008ல் அது 990 டாலர். ஊரின் மக்கள்தொகையோ 2000ல் 4,84,674, 2010ல் 3,43,829. அந்த 2010 கணக்கெடுப்பில் நான்கில் ஒரு வீடு ஆளில்லாமல் கிடந்தது.

காலியாகக் கிடக்கிற வீட்டில் உடனே குடியேற முடியுமா என்று கேட்டால்தான் இந்தக் கணக்கு பிடிபடும். கூரையும் சுவரும் நிற்கும், உள்ளே மின்சாரம் இருக்காது, சுவரெல்லாம் பூஞ்சை. அப்படிப்பட்ட வீடு எத்தனை ஆயிரம் இருந்தாலும் வாடகைச் சந்தைக்கு அது இல்லாத வீடுதான். மிஞ்சியிருந்த நல்ல வீடுகளுக்கோ திரும்பி வந்த குடும்பங்கள், கட்டுமான வேலைக்கு வந்தவர்கள், சொந்த வீட்டைப் பழுதுபார்த்து முடிக்கும்வரை தங்க இடம் தேடியவர்கள் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் போட்டியிட்டார்கள்.

எந்த வீடு கெட்டது, எது தப்பியது என்பதில் ஊரின் நில அமைப்புக்குப் பெரிய பங்கு. மிசிசிப்பி ஆறு காலங்காலமாக வண்டல் கொண்டுவந்து கொட்டியதால் ஆற்றங்கரைதான் அங்கே மேடு. ஊருக்கு வடக்கே உள்ள பாஞ்சட்ரெயின் ஏரிப் பக்கம் போகப் போகப் பள்ளம். பழைய ஊர் அந்த மேட்டிலேயே வளர்ந்தது. அந்தக் காலத்து வீடுகளைத் தூண்கள் மேல் தூக்கியும் கட்டினார்கள். பிறகு பெரிய பம்புகள் வந்தன, ஏரிப்பக்கத்துச் சதுப்பு நிலத்தை வடித்து, லேக்வியூ, ஜென்டில்லி, நியூ ஆர்லியன்ஸ் ஈஸ்ட் என்று குடியிருப்புகள் பரவின. நீர் வடிந்த சதுப்பு மண் காய்ந்து சுருங்கிக் கீழே இறங்கும், அதனால் அந்த இடங்கள் கடல் மட்டத்துக்கும் கீழே போயின. அங்கே இரண்டாம் உலகப்போருக்குப் பின் வந்த வீடுகளில் நிறைய, தரையோடு தரையாகக் கான்கிரீட் தளத்தின் மேல் கட்டியவை. வெள்ளத் தடுப்புச் சுவர்கள் உடைந்து ஊரில் சுமார் 80 விழுக்காடு மூழ்கியபோது, பழைய வீடுகள் பல தப்பிக்க, புதியவை கழுத்தளவு தண்ணீரில் நின்றன. குடியிருந்த வீடுகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு சேதம், அதாவது சுமார் 1,34,000 வீடுகள்.

தண்ணீர் உடனே வடிந்திருந்தால் கதை வேறு. முழுக்க வடிக்க அக்டோபர் ஆகிவிட்டது. அமெரிக்க வீடுகளின் உள்சுவர் பெரும்பாலும் மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை, அதன் இரு பக்கமும் காகிதம். அந்தப் பலகை நீரை உறிஞ்சி, வெள்ளம் நின்ற மட்டத்துக்கும் மேலே ஏற்றும். ஓரிரு நாள் ஈரம் இருந்தாலே போதும், காகிதத்தில் பூஞ்சை பிடித்துவிடும். எனவே பலகை, உள்ளே திணித்த வெப்பக்காப்புப் பஞ்சு, மின்கம்பி எல்லாவற்றையும் பிய்த்தெடுத்து, வெறும் மரச்சட்டம் தெரியும்வரை உரித்து, காயவிட்டு, திரும்பவும் தொடங்க வேண்டும். இதையே ஒரு லட்சம் வீட்டுக்காரர்கள் ஒரே ஆண்டில் செய்யப் புறப்பட்டால் பலகைக்கும் தச்சருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் கூலியும் விலையும் எகிறாமல் என்ன செய்யும்? பலகைத் தட்டுப்பாட்டில் சீனாவிலிருந்து இறக்கிய சில சரக்குகளிலிருந்து கந்தக வாயு கசிந்து, செப்புக் கம்பிகளையும் ஏசி குழாய்களையும் கறுக்க வைத்தது. அந்த வீடுகளை இரண்டாம் முறை உரிக்க வேண்டியதாயிற்று. வெள்ளத்தில் எல்லாம் போய், கடன் வாங்கிக் கட்டி, சுவருக்குள் கம்பி கறுத்துப் போனதைப் பார்த்த குடும்பங்களை நினைத்தால் இப்போதும் மனசு கேட்காது.

சரி, செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும்? எனக்கு இதுதான் முக்கியமான இடம், ஏனென்றால் எந்தத் தெரு மீளும், எது புல் மண்டிப் போகும் என்பதைக் காற்றின் வேகத்தைவிடப் பண உதவியின் விதிகள்தான் அதிகம் தீர்மானித்தன. சாதாரண வீட்டுக் காப்பீடு புயல்காற்றுச் சேதத்துக்குத்தான் கொடுக்கும், வெள்ளத்துக்குக் கொடுக்காது. வெள்ளத்துக்கு மத்திய அரசின் தனித் திட்டம் உண்டு, அதில் வீட்டுக் கட்டடத்துக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர். கூரை பறந்ததா, தண்ணீர் புகுந்ததா, எது முதலில் என்ற சண்டை நீதிமன்றம்வரை போனது. இன்னொரு விதியும் உண்டு: வெள்ள அபாயப் பகுதியில், பழுதுபார்க்கும் செலவு வீட்டின் சந்தை மதிப்பில் பாதியைத் தொட்டால், இன்றைய விதிப்படி வீட்டையே உயர்த்திக் கட்ட வேண்டும். நியாயமான விதிதான், ஆனால் கையில் காசில்லாதவருக்கு அது பூட்டிய கதவு.

லூசியானா மாநிலம் 2006ல் ரோடு ஹோம் என்ற உதவித் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதிகபட்சம் 1,50,000 டாலர். ஆனால் கணக்குப் போட்ட விதத்தில்தான் கோளாறு: புயலுக்கு முந்தைய சந்தை மதிப்பு, பழுதுச் செலவு, இரண்டில் எது குறைவோ அதுதான் அடிப்படை, அதிலும் காப்பீட்டில் கிடைத்ததைக் கழித்துக்கொள்வார்கள். ஒரே அளவான இரண்டு வீடுகள், இரண்டுக்கும் பழுதுச் செலவு 1,40,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பு 2,00,000 டாலராக உள்ள வட்டாரத்தில் இருப்பவருக்கு முழுச் செலவும் கணக்கில் வரும். மதிப்பு 80,000 டாலராக உள்ள வட்டாரத்தில் இருப்பவருக்கு 80,000தான், மீதி 60,000 அவர் பாடு. பலகையும் ஆணியும் இரண்டு பேருக்கும் ஒரே விலைதானே! கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளில் வீட்டு மதிப்பு குறைவு என்பதால் அடி அங்கேதான் அதிகம் விழுந்தது. இதை எதிர்த்து 2008ல் வழக்கு, 2011ல் 6.2 கோடி டாலர் சமரசம். தாத்தா காலத்து வீட்டில் பத்திரத்தைப் பெயர் மாற்றாமலே தலைமுறையாக வாழ்ந்தவர்களோ, வீடு தங்களுடையது என்று நிரூபிக்கவே படாத பாடு பட்டார்கள்.

வாடகைக்கு இருந்தவர்கள் நிலை இதைவிட மோசம், ஊரில் பாதிக்கும் மேற்பட்டோர் அவர்கள்தான். ஓரிரு வீடுகளை வாடகைக்கு விடும் சிறு உரிமையாளர்களுக்கான உதவித் திட்டம் முதலில், நீ கட்டி முடி, பிறகு பணம் தருகிறேன் என்றது. கட்டப் பணமில்லாததால்தானே அவர்கள் விண்ணப்பித்தார்கள்! 2007 டிசம்பரில் நகர மன்றம் நான்கு பெரிய அரசுக் குடியிருப்புகளை, ஏறத்தாழ 4,500 வீடுகளை, இடிக்க ஒருமனதாக ஒப்புதல் கொடுத்தது. அவை பெரும்பாலும் 1940களில் எழுந்த உறுதியான செங்கல் கட்டடங்கள். பக்கத்து செயின்ட் பெர்னார்ட் பகுதி நிர்வாகம், தனி வீடுகளை ரத்த சொந்தங்களுக்கு மட்டுமே வாடகைக்கு விடலாம் என்று 2006ல் சட்டமே போட்டது. அந்தப் பகுதியில் வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள், எனவே யாரை வெளியே நிறுத்த அந்தச் சட்டம் என்பதில் சந்தேகமில்லை. வழக்கில் அது நிற்கவில்லை. ஆக, குறைந்த வாடகை வீடுகள்தான் அதிகம் அழிந்தன, கடைசியாகத் திரும்பி வந்ததும் அவைதான்.

வாடகையின் கதை இப்படி என்றால், சொந்த வீட்டுக்காரர்களை நீண்ட காலம் துரத்துவது காப்பீடு. 2020ல் லாரா, 2021ல் அதே ஆகஸ்ட் 29 அன்று ஐடா என்று அடுத்தடுத்து வந்த புயல்களில் லூசியானாவில் ஒரு டஜன் காப்பீட்டு நிறுவனங்கள் திவாலாயின, வேறு பல புதுப்பிக்க மறுத்தன. எங்கும் கிடைக்காதவர்களுக்கு மாநிலமே நடத்தும் சிட்டிசன்ஸ் நிறுவனம்தான் கடைசிப் புகலிடம். 2023ல் அதன் கட்டணம் சராசரியாக 63 விழுக்காடு ஏறியது. அதோடு புயல் சேதம் என்றால் முதல் பகுதியை நாமே போட வேண்டும், அது காப்பீட்டுத் தொகையில் இத்தனை விழுக்காடு என்று இருக்கும். 3,00,000 டாலர் வீட்டுக்கு 5 விழுக்காடு என்றால் 15,000 டாலர் கையிலிருந்து. வீட்டுக் கடன் இருக்கும்வரை காப்பீட்டைக் கைவிட வங்கி சம்மதிக்காது. வாங்க வருபவர் மாதச் செலவைப் பார்த்து விலையைக் குறைத்துக் கேட்பார், அதனால் விற்பவருக்கு நஷ்டம். விலை குறைந்தது என்று வாங்கியவருக்கும் மாதச் செலவு குறையாது. வாடகைக்கு விடுபவரோ ஏறிய கட்டணத்தை முடிந்தவரை வாடகையில் ஏற்றிவிடுவார்.

இதைச் சமாளிக்கக் கூரையை வலுப்படுத்தும் வேலை இப்போது நடக்கிறது. எளிய நுட்பம்தான்: உடலில் வளையம் வளையமாக வரி உள்ள ஆணிகளை நெருக்கமாக அடிப்பது, கூரைப் பலகைகளின் இடுக்குகளை ஒட்டுப்பட்டையால் அடைப்பது. மேல் ஓடு பறந்தாலும் மழைநீர் உள்ளே இறங்காது. இதற்கு மாநிலம் ஒரு வீட்டுக்கு 10,000 டாலர்வரை தருகிறது, பயனாளிகளைக் குலுக்கலில் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் உரிமையாளரே அந்த வீட்டில் குடியிருக்க வேண்டும், ஏற்கெனவே காப்பீடும் இருக்க வேண்டும். காப்பீடு கட்ட முடியாமல் விட்டவரும், வாடகை வீட்டில் இருப்பவரும் இந்தக் குலுக்கலில் பெயரே கொடுக்க முடியாது.