டியூரா மேட்டர் = வன்றாயி

டியூரா மேட்டரில் வரும் 'மேட்டர்', நாம் 'என்ன மேட்டர்?' என்று கேட்கும் மேட்டர் இல்லை. லத்தீனில் அதற்கு அம்மா என்று பொருள், டியூரா என்றால் கடினமான. மூளைக்கும் தண்டுவடத்துக்கும் மூன்று உறைகள் உண்டு. அதில் வெளியே இருக்கும் தடித்த உறைக்குத்தான் இந்தப் பெயர்.

சரி, உறை எப்படித் தாய் ஆனது? கிரேக்க மருத்துவர் காலனுக்கு அது வெறும் 'தடித்த சவ்வு', உள்ளே இருப்பது 'மெல்லிய சவ்வு', அவ்வளவுதான். தாயாக்கியது அரபு மருத்துவம். ஒரு பொருளுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள உறவைத் தாய், தந்தை, மகன் என்று சொல்வது அரபியில் சகஜம். பாரசீக மருத்துவர் அலி இப்னு அல் அப்பாஸ் 10ஆம் நூற்றாண்டில் அரபியில் எழுதிய மருத்துவ நூலை 1127இல் அந்தியோக்கியா ஸ்டீபன் லத்தீனுக்குக் கொண்டுபோனபோது தாயும் கூடவே போய்விட்டாள்.

உள் உறையில்தான் சறுக்கல். அரபியில் அது 'ரகீக்' தாய். ரகீக் என்றால் மெல்லிசு என்றும் வரும், இளகிய என்றும் வரும். லத்தீனில் போட்ட 'பையா'வுக்கோ பக்தியுள்ள, பரிவுள்ள என்றுதான் பொருள், மெல்லிசு காணாமல் போனது.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் டியூரா மேட்டர், பையா மேட்டர் என்று அப்படியே எழுதிவிடுகிறார்கள். இலங்கைத் தமிழில் அழகான சொற்கள் இருக்கின்றன: வன் + தாயி வன்றாயி, மென் + தாயி மென்றாயி. மெல்லிய துணி என்கிறோம், மெல்லிய மனசு என்றும் சொல்கிறோம் இல்லையா, அதனால் லத்தீன் தொலைத்ததைத் தமிழ் 'மென்' ஒரே எழுத்துக்கூட்டில் மீட்டுவிட்டது. என் ஓட்டு இதற்குத்தான்.

நடு உறை அரக்னாய்டு, சிலந்திக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, சிலந்தியுரு என்பார்கள். அதற்கும் மென்றாயிக்கும் நடுவே, நூல் நூலாக ஓடும் இழைகளுக்கிடையில்தான் மூளைத் தண்டுவடத் திரவம் இருக்கிறது. மொத்தம் சுமார் 150 மி.லி.தான், ஆனால் ஒரு நாளைக்கு 500 மி.லி. அளவுக்குச் சுரந்து, பழையது ரத்தத்தில் கலந்துவிடும். ஏறத்தாழ 1,400 கிராம் மூளை இதில் மிதப்பதால் 50 கிராம் போலத்தான் கனக்கும்.

சிசேரியனுக்கு முதுகில் போடும் ஊசி இந்தத் திரவத்துக்குள்தான் போகிறது. தண்டுவடம் பெரியவர்களுக்கு இடுப்பின் முதல், இரண்டாம் முள்ளெலும்பு அளவிலேயே முடிந்துவிடும், வன்றாயிப் பை மட்டும் இன்னும் கீழே இறங்கும், அதனால் மூன்றாவது, நான்காவது எலும்புகளுக்கு நடுவே குத்தினால் தண்டுவடத்தில் படாது. வன்றாயியும் சிலந்தியுருவும் துளைபட்டதும் ஊசியின் பின்முனையில் தண்ணீர் மாதிரி தெளிவாகச் சொட்டும், அப்புறம்தான் மருந்து. முதுகில் போடும் இன்னொரு வகை மரப்பு ஊசியான எபிடியூரலில் ஊசி வன்றாயியைத் துளைக்காது, அதற்கு வெளியிலேயே நின்றுவிடும். 'எபி' என்றால் மேலே. முதலில் சொன்ன ஊசிக்குப் பிறகு சிலருக்கு எழுந்து உட்கார்ந்தாலே தலைவலி வருவது, வன்றாயியில் விழுந்த ஓட்டை வழியாகத் திரவம் கசிவதால்.

இன்னொன்று: மெனிஞ்சைட்டிஸை 'மூளைக்காய்ச்சல்' என்று எழுதாதீர்கள், மூளையே வீங்கும் என்செபலைட்டிஸையும் அப்படித்தான் சொல்கிறார்கள். வீங்குவது உறை என்றால் மூளையுறை அழற்சி.