பேராசிரியர்: ஒரு சொல்லும் மசாரிக் என்ற மனிதரும்

தமிழ்நாட்டு அரசியலில் பெயர் சேர்க்காமல் ‘பேராசிரியர்’ என்று மட்டும் சொன்னால் அது க. அன்பழகனைத்தான் குறிக்கும். பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். அமைச்சரான பிறகும் கட்சிக்காரர்கள் வாயில் கடைசிவரை பேராசிரியர்தான். சில நூற்றாண்டுகள் பின்னே போனால் இன்னொரு பேராசிரியர் இருக்கிறார். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் கடைசி நான்கு இயல்களுக்கு அவர் எழுதிய உரை நம் கையில் இருக்கிறது. இயற்பெயர் மறைந்து, பட்டமே பெயராக நின்றுவிட்டது.

செக் மக்களுக்கும் இப்படி ஒரு பேராசிரியர் உண்டு: தோமாஷ் கரிக் மசாரிக். செக் தலைநகர் பிராகில் தத்துவம் கற்பித்து, 1918இல் செக்கோஸ்லோவாக்கியாவின் முதல் குடியரசுத் தலைவரானவர். இந்தச் சொல்லுக்குப் பொருள் தேடும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான் வரும். காரணத்தைச் சொல்கிறேன்.

முதலில் வேர். செக் மொழியில் ‘ப்ரொஃபெசொர்’, ஆங்கிலத்தில் ‘புரொபசர்’, இரண்டும் லத்தீனிலிருந்து வந்தவை. ‘ப்ரொஃபிதேரி’ என்பது அங்கே வினைச்சொல். ‘ப்ரோ’ என்றால் முன்னால். ‘ஃபதேரி’ என்றால் ஒப்புக்கொள்ளுதல், வாய்விட்டுச் சொல்லுதல். சேர்த்துப் பார்த்தால், நாலு பேர் முன்னால் ‘இது என் நிலை’ என்று அறிவிப்பது. ‘இந்தக் கலை எனக்குத் தெரியும், நான் கற்றுத் தருகிறேன்’ என்று ஊரறியச் சொன்னவரை ரோமானியர்கள் ‘ப்ரொஃபெசொர்’ என்றார்கள். இடைக்காலப் பல்கலைக்கழகங்கள் அதைப் பட்டமாக்கிக்கொண்டன.

இதே வேர் நம் ஊர்க் கன்னியர் மடங்களிலும் இருக்கிறது. துறவு வாழ்வை ஏற்கும் பெண் பீடத்தின் முன் நின்று, எல்லார் காதிலும் விழும்படி தன் உறுதிமொழியைச் சொல்வார். லத்தீனில் அந்தச் சடங்கின் பெயர் ‘ப்ரொஃபெஸ்ஸியோ’. தமிழ்க் கத்தோலிக்கர்கள் அதை ‘வார்த்தைப்பாடு’ என்கிறார்கள். எவ்வளவு அழகான சொல்! வாயால் சொன்னதற்கு வாழ்நாள் முழுக்கக் கட்டுப்படுவது. புரொபசர் என்ற சொல்லின் ஆதிப் பொருளை ஒரே சொல்லில் காட்டு என்றால் நான் வார்த்தைப்பாட்டைத்தான் காட்டுவேன்.

சரி, ‘பேராசிரியர்’ என்ற சொல்லில் இந்தப் பொருள் இருக்கிறதா? பெருமை + ஆசிரியர். ஈறு போய், முதலெழுத்து நீண்டு பேராசிரியர். கற்பிப்பவருள் பெரியவர் என்பதுதான் நேர்ப்பொருள். ஊரறியச் சொல்லுதல் அதில் இல்லை. ‘ஆசிரியர்’ என்பது ‘ஆசார்ய’ என்ற வடசொல்லோடும் ‘ஆசரிய’ என்ற பாலி வடிவத்தோடும் தொடர்புடையது என்பதே மொழியியலார் பெரும்பாலும் ஏற்பது. ஆனால் தமிழ் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு வேறொரு விளக்கமும் தெரிந்திருக்கும்: ஆசு + இரியர். ஆசு என்றால் குற்றம்; இரிதல் என்றால் விலகி ஓடுதல். குற்றத்தை ஓட்டுபவர் ஆசிரியர். சொற்பிறப்பாக இதை நான் ஏற்கவில்லை. ஆனால் ஆசுக்குக் குற்றம் என்ற பொருள் உறுதி. ‘அரியகற்று ஆசற்றார் கண்ணும்’ என்று குறளிலேயே வருகிறது; அதுவும் பதவிக்கு ஆள் தேர்வது பற்றிய ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தில். அருமையான நூல்களைக் கற்றுக் குற்றம் நீங்கியவரிடத்தும் ஆராய்ந்து பார்த்தால் அறியாமை அறவே இல்லாமல் போவது அரிது என்கிறது அந்தக் குறள்.

குற்றத்தை ஓட்டுபவர் என்ற இந்தப் பிறழ்ந்த விளக்கம்தான் மசாரிக்குக்கு அப்படியே பொருந்துகிறது.

இன்றைய செக் நாட்டின் கிழக்குப் பகுதியான மொராவியாவில் ஹொடோனீன் என்ற ஊரில் 1850 மார்ச் 7இல் பிறந்தார். அப்பா ஸ்லோவாக்கியர், அரசப் பண்ணையில் வண்டியோட்டி. அம்மா சமையல் வேலை பார்த்தவர். பையனைப் பூட்டுச் செய்யும் பட்டறைக்கு வியன்னாவுக்கு அனுப்பினார்கள். அப்புறம் கொல்லுப் பட்டறை. அங்கிருந்து தப்பிப் படிப்புக்கு வந்து, வியன்னாப் பல்கலைக்கழகத்தில் 1876இல் முனைவர் பட்டம். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் சார்லட் கரிக் என்ற அமெரிக்கப் பெண்ணைச் சந்தித்து, 1878இல் மணந்து, அவர் குடும்பப் பெயரைத் தன் பெயருக்கு நடுவில் வைத்துக்கொண்டார். ஆண் தன் மனைவியின் பெயரைச் சுமந்த அந்த வழக்கம் இன்றைக்கும் எனக்குப் பிடித்த ஒன்று. தற்கொலை ஏன் சமூகத்தில் பெருகுகிறது என்பதுதான் விரிவுரையாளர் தகுதிக்காக அவர் எழுதிய ஆய்வு. அது 1881இல் நூலானது. இதே பொருளில் பிரெஞ்சுச் சமூகவியலாளர் துர்க்கைமின் புகழ்பெற்ற நூல் வந்தது 1897இல்தான்.

1882இல் பிராகின் சார்லஸ்-ஃபெர்டினாண்ட் பல்கலைக்கழகம் செக், ஜெர்மன் என்று இரண்டாகப் பிரிந்தது. செக் பிரிவுக்கு மசாரிக் வந்தார். அவருக்குக் கிடைத்த பட்டத்தை மொழிபெயர்க்கும்போது கவனம் வேண்டும். செக் மொழியில் அது ‘மிமொர்ஷாத்னீ ப்ரொஃபெசொர்’. சொல்லுக்குச் சொல் போட்டால் ‘அசாதாரணப் பேராசிரியர்’ என்று வரும். ஏதோ உயர்ந்த பதவி என்று தோன்றும். உண்மையில் அது கீழ்ப்படி. வழக்கமான பேராசிரியர் இருக்கைக்கு வெளியே நிற்பவர் என்பதுதான் பொருள். தமிழில் ‘இணைப் பேராசிரியர்’ என்றால் சரியாக வரும். முழுப் பேராசிரியராக அவர் உயர 1890களின் பிற்பகுதி ஆகிவிட்டது.

அந்தத் தாமதத்துக்குள்தான் கதை இருக்கிறது. 1817இல் வாட்ஸ்லாவ் ஹங்கா என்பவர், த்வூர் கிராலோவே என்ற ஊரின் தேவாலயத்தில் பழைய செக் கவிதைச் சுவடி ஒன்றைக் கண்டெடுத்ததாக அறிவித்தார். அடுத்த ஆண்டே ஸெலேனா ஹோரா சுவடி என்று இன்னொன்றும் வெளிப்பட்டது. ஒன்று 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, மற்றது அதற்கும் பல நூற்றாண்டுகள் முந்தியது என்றார்கள். ஜெர்மானியர்களுக்குப் பழங்காவியம் இருக்கிறது, நமக்கு இல்லையே என்று ஏங்கிக் கிடந்த ஒரு மக்களுக்கு அது அமுதம். ஓவியர்கள் அந்தக் காட்சிகளை வரைந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். சொந்த மொழி ஆட்சிமொழியாக இல்லாத நாட்டில் அந்தச் சுவடிகள்தான் பட்டா.

மசாரிக் ‘அதெனேயம்’ என்று ஓர் ஆய்விதழ் நடத்திவந்தார். 1886இல் யான் கெபவுவர் என்ற மொழியியலாளரின் கட்டுரையை அதில் வெளியிட்டார். சுவடிகளில் உள்ள சொல்வடிவங்கள் அந்தக் காலத்து உண்மையான செக் நூல்களின் இலக்கணத்தோடு ஒத்துப்போகவில்லை என்பது வாதம். நம் ஊரில் ஒருவர் சங்கப் பாட்டு என்று ஓலையைக் கொண்டுவந்து, அதில் ‘கிறேன், கிறாய்’ என்று வினைமுடிவு இருந்தால் எப்படி? அந்த மாதிரி. சமூகவியல் பார்வையிலும் இலக்கியப் பார்வையிலும் மசாரிக் தாமே தொடர்ந்து எழுதினார். சுவடிகள் 19ஆம் நூற்றாண்டுப் போலிகள் என்பது முடிவு.

நாளிதழ்கள் துரோகி என்றன. நண்பர்கள் விலகினார்கள். ஆஸ்திரிய ஆதிக்கத்தின் கீழ் இருக்கும்போது நம் பெருமையை நாமே உடைக்கலாமா என்ற கேள்வியை எளிதில் ஒதுக்க முடியாது. கேட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒரு தேசத்தின் மதிப்பைப் பொய்யின் மேல் கட்டக்கூடாது என்று மசாரிக் அசையாமல் நின்றார். ஆசு இரியர். அதை மூடிய அறையில் நாலு அறிஞர்களிடம் கிசுகிசுக்காமல் இதழில் அச்சடித்து ஊரறியச் சொன்னதால், லத்தீன் பொருளிலும் ப்ரொஃபெசொர்.

1899இல் இன்னொரு முறை. போல்னா என்ற ஊரில் அனெஷ்கா ஹ்ரூஸோவா என்ற இளம்பெண் கொல்லப்பட்டாள். லியோபோல்ட் ஹில்ஸ்னர் என்ற யூத இளைஞனைப் பிடித்தார்கள். யூதர்கள் சடங்குக்காகக் கிறிஸ்தவ ரத்தம் எடுக்கிறார்கள் என்ற பழைய அவதூறு ஊரெங்கும் பரவியது. மரண தண்டனையும் விதிக்கப்பட்டது. மறுவிசாரணை வேண்டும் என்று மசாரிக் சிறுநூல் வெளியிட்டார். சொந்த மாணவர்களே வகுப்பில் கூச்சலிட்டு ஆர்ப்பாட்டம் செய்தார்கள், வகுப்புகள் நிறுத்தப்பட்டன. இரண்டாவது விசாரணையிலும் குற்றவாளி என்றே தீர்ப்பு. பின்னர் அது ஆயுள் தண்டனையாகி, 1918இல்தான் ஹில்ஸ்னர் மன்னிப்பில் வெளியே வந்தார்.

இதற்கு நடுவே 1891 முதல் 1893 வரையும், மறுபடி 1907 முதலும் செக் பகுதிகளை ஆண்ட ஆஸ்திரியாவின் வியன்னா நாடாளுமன்றத்தில் இருந்தார். முதல் உலகப் போர் மூண்டபின், 1914 டிசம்பரில் விடுதலைக்காக நாட்டைவிட்டு வெளியேறி, லண்டன் கிங்ஸ் கல்லூரியில் சிறிய தேசங்களின் சிக்கல் பற்றி உரையாற்றி, ரஷ்யாவில் செக்கோஸ்லோவாக் படையணிகளை வளர்த்து, அமெரிக்காவில் ஆதரவு திரட்டினார். 1918 நவம்பர் 14இல் அவர் ஊரில் இல்லாதபோதே குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். டிசம்பர் 21இல் பிராகுக்குத் திரும்பினார். மேலும் 3 முறை தேர்வாகி, 1935இல் பதவி விலகி, 1937 செப்டம்பர் 14இல் லானி என்ற ஊரில் இறந்தார். அவர் பறக்கவிட்ட குடியரசுத் தலைவர் கொடியில் இருந்த வாசகம் ‘பிராவ்தா வீத்யேஸீ’. வாய்மை வெல்லும் என்று பொருள்.

இன்றைய செக் வழக்கையும் சொல்லிவிடுகிறேன். அங்கே பல்கலைக்கழகப் பேராசிரியரைக் குடியரசுத் தலைவரே நியமிக்கிறார். அதற்குக் கீழ்ப்படி ‘தொட்ஸெந்த்’; கற்பித்தல் என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தது. ஆனால் ‘கிம்னாசியம்’ எனப்படும் உயர்நிலைப் பள்ளியில் பாடம் எடுப்பவரையும் பிள்ளைகள் மரியாதையாக ‘பானே ப்ரொஃபெசொரே’ என்றுதான் கூப்பிடுவார்கள். அதைத் தமிழில் ‘பேராசிரியர் ஐயா’ என்று பெயர்த்தால் பிழை. ‘ஐயா’ அல்லது ‘சார்’ போதும். பிர்னோ நகரின் மசாரிக் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் கற்பித்து, அதன் ‘ரெக்டர்’ ஆகி, 2021இல் செக் பிரதமரான பெத்ர் ஃபியாலாவைப் பற்றி எழுதும்போது பேராசிரியர் என்பது பட்டமாகவே வர வேண்டும். ரெக்டரை நம் வழக்குப்படி துணைவேந்தர் எனலாம்.

பதவிக்குப் பேராசிரியர் என்ற சொல் நிலைத்துவிட்டது, நன்றாகவும் இருக்கிறது, மாற்ற வேண்டாம். ஒரு கொள்கையை ஊரறியச் சொல்லி அதில் நிற்கும் வினையைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘அறிக்கையிடுதல்’ என்று எழுதலாம். தமிழ்க் கிறிஸ்தவர்கள் ‘விசுவாச அறிக்கை’ என்று தலைமுறைகளாகச் சொல்லிவருவதால் காதுக்கும் பழகிய சொல்தான்.