ஐ.பி. ஆன வீட்டில் அம்மா வேலைக்குப் போகலாமா?

“மேடம், நான் வேலைக்குப் போனா சம்பளத்தை மொத்தமா பிடிச்சுக்குவாங்களாமே? குழந்தையையும் விட்டுட்டு எதுக்குங்க போகணும்?”

சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்றத்தில் ஐ.பி. எனப்படும் திவால் வழக்குகள் நடத்தும் எனக்கு இது பழகிய கேள்வி. கேட்டவர் அம்மாபேட்டைக்காரர். கணவரின் கொலுசுப் பட்டறை நொடித்துப் போனது. கடன் பத்திரங்களில் இவரும் கையெழுத்துப் போட்டிருந்ததால் இரண்டு பேரும் திவாலானவர்கள் என்று உத்தரவாகிவிட்டது. இரண்டரை வயதுக் குழந்தை. ஐந்து ரோடு பக்கம் ஒரு கம்பெனியில் கணக்கு எழுத 16,000 ரூபாய்க்குக் கூப்பிடுகிறார்கள். குழந்தைக் காப்பகத்தில் 5,000 கேட்கிறார்கள்.

இப்படி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, ஐ.பி. யார் பேரில் என்பதைத்தான். கணவர் பேரில் மட்டும் என்றால், மனைவி எங்கும் கையெழுத்துப் போடாதவரை அவர் சம்பாத்தியம் அவருடையது. இது தெரியாமல் வந்த வேலையை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கேட்காது.

இவர் பேரிலும் இருக்கிறதே, அப்போது? நம் மாவட்டத்தில் திவால் மனு 1920-ம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டப்படி நடக்கிறது. உத்தரவுக்குப் பிறகு சம்பாதிப்பதும், திவாலானவரின் சொத்தை நீதிமன்றத்துக்காகக் கவனிக்கும் ரிசீவர் கைக்குப் போகும் என்று அதில் இருப்பது உண்மை. ஆனால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு ஜப்தியிலிருந்து விலக்கிய எதையும் அவர் எடுக்க முடியாது. சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் அப்படி விலக்கப்பட்டவை. 16,000-க்குக் கணக்குப் போட்டால் 11,000 இவர் கையில் நிற்கும், 5,000 வரைதான் போகலாம். காப்பகத்துக்குக் கொடுத்தது போக 6,000 மிஞ்சும்.

தினக்கூலிக்கு இதைவிடப் பெரிய காப்பு உண்டு. தறிக்கூடத்திலோ சேகோ ஆலையிலோ தொழிலாளியாக வாங்கும் கூலியை முழுவதுமாகவே ஜப்தி செய்ய முடியாது. அதனால் 16,000 சம்பளமா, 12,000 கூலியா என்றால் பெரிய எண்ணைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள்.

காப்பகச் செலவை அம்மாவின் சம்பளத்தில் மட்டும் கழிப்பது எனக்கு உடன்பாடில்லை. குழந்தை இரண்டு பேருடையது, வீட்டின் மொத்த வரவில் கழியுங்கள். இரண்டு வயது தாண்டிவிட்டால் அங்கன்வாடி இருக்கிறது, மதியச் சாப்பாடும் கிடைக்கும். மாலை ஆறு மணி வரை அது இருக்காது. அந்த இடைவெளிக்கு மட்டும் ஆள் தேடினால் செலவு பாதியாகலாம். வேலை கொடுக்கிற இடத்தில் 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் காப்பக வசதி செய்து தர வேண்டும், 2017-ல் மகப்பேறு நலச் சட்டத் திருத்தத்தில் வந்த விதி இது. சேருவதற்கு முன்பே கேளுங்கள். போக்குவரத்துக்கு, 2021-ல் தொடங்கிய பெண்களுக்கான கட்டணமில்லா டவுன் பஸ் இருக்கிறது.

எனக்குப் பயம் முதல் மாதத்தில்தான். காப்பகத்துக்கு அட்வான்ஸ் கட்ட, சம்பளம் வருவதற்குள் குழுக் கடன் வாங்கிவிடுவார்கள். திவால் நிலை நீங்காதவர் அதை மறைத்து 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினாலே, அதே நொடிப்புச் சட்டத்தின் 72-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. 50 ரூபாய் என்பது அச்சுப் பிழை இல்லை, சட்டம் 1920-ல் எழுதியது. அட்வான்ஸைத் தவணையாக வாங்கிக்கொள்ளும் காப்பகம் கிடைக்கும் வரை வேலையை ஒரு மாதம் தள்ளிப் போடுவது மேல்.

அப்புறம், கடன் பாக்கி இருக்கிற வங்கியிலேயே சம்பளக் கணக்கு வைக்காதீர்கள், அவர்கள் நேராகப் பிடித்துக்கொள்ளலாம். வேறு வங்கியில் தொடங்கி, வேலையையும் கணக்கையும் ரிசீவருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். மறைத்தால், திவால் நிலையிலிருந்து விடுதலை கேட்கும் நாளில் அதுவே எதிராக நிற்கும். விடுதலை மனுவுக்கு நீதிமன்றம் குறித்த கெடுவைத் தவறவிட்டால் திவால் உத்தரவே ரத்தாகும், கடன்காரர்கள் மறுபடி வாசலுக்கு வருவார்கள்.

அம்மாபேட்டைக்காரர் ஒன்றரை மாதம் பொறுத்தார். இப்போது குழந்தை அங்கன்வாடியில், மூன்று மணிக்கு மேல் பக்கத்து வீட்டு அத்தையிடம். போன வாய்தாவுக்கு வந்தபோது சம்பளச் சீட்டின் நகலை ரிசீவருக்குக் கொடுக்கத் தானே எடுத்து வந்திருந்தார்.