தென்னுலக ஒத்துழைப்பு: சொல் விளக்கம்

கொரோனாவுக்குப் பிந்தைய மீட்சி பற்றிய அறிக்கைகளில் ‘சவுத்–சவுத் கோஆபரேஷன்’ என்ற தொடர் விடாமல் வருகிறது. தமிழில் இதைத் ‘தெற்கு–தெற்கு ஒத்துழைப்பு’ என்றும் ‘தென்–தென் ஒத்துழைப்பு’ என்றும் ‘தெற்கத்திய நாடுகளின் கூட்டுறவு’ என்றும் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். பொருள் இதுதான்: வளரும் நாடுகள் பணக்கார நாடுகளை எதிர்பார்த்து நிற்காமல், தொழில்நுட்பம், பயிற்சி, மருந்து, நிதி, ஆள்பலம் ஆகியவற்றைத் தங்களுக்குள் நேரடியாகப் பரிமாறிக்கொள்வது. வாங்குகிற நாடு நாளைக்குக் கொடுக்கிற நாடாகவும் ஆகலாம் என்பது இதன் அடிப்படை. அந்த ஒன்றை விட்டுவிட்டால் இது வெறும் உதவிதான்.

எந்தத் தெற்கு?

இந்தத் தெற்கு நிலப்படத்தில் உள்ள திசை கிடையாது. இந்தியா முழுவதும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருக்கிறது. ஆனாலும் இந்தக் கணக்கில் அது தெற்கு. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தெற்குக் கோடியில் இருந்தும் வடக்கு. மேற்கு ஜெர்மனியின் முன்னாள் சான்சலர் வில்லி பிராண்ட் தலைமையிலான ஆணையம் 1980இல் வெளியிட்ட அறிக்கையால் இந்தப் பிரிவினை பரவலாகப் பேசப்பட்டது. அமெரிக்கா–மெக்சிகோ எல்லை வழியாகவும் மத்தியதரைக் கடல் வழியாகவும் ஓடி வடக்கையும் தெற்கையும் பிரிக்கும் அந்தக் கோடு, கிழக்கே வந்ததும் ஜப்பான், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றையும் வடக்கோடு சேர்க்க வளைந்து இறங்கும். வருமானத்தை வைத்து வரைந்த கோடு அது.

அதற்கு முன் புழங்கிய சொல் ‘மூன்றாம் உலகம்’. பிரெஞ்சு மக்கள்தொகை அறிஞர் ஆல்ஃபிரட் சோவி 1952இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்கு முன் உரிமை ஏதுமின்றி இருந்த ‘மூன்றாம் தரப்பு’ மக்களை மனத்தில் வைத்தே அவர் அந்தப் பெயரைச் சூட்டினார். காலப்போக்கில் அது மூன்றாந்தரம் என்ற இளப்பமான தொனியைப் பெற்றுவிட்டது. சோவியத் ஒன்றியம் உடைந்தபின் ‘இரண்டாம் உலகம்’ என்பதே இல்லாமல் போனதால், எண்ணிக்கையும் பொருந்தவில்லை. ‘தெற்கு’ அந்த இடத்தைப் பிடித்தது.

ஒத்துழைப்பு என்ற கருத்து இந்தப் பெயரைவிட மூத்தது. 1954 ஏப்ரல் இறுதியில் இலங்கைப் பிரதமர் சர் ஜோன் கொத்தலாவல கொழும்பில் கூட்டிய ஐந்து பிரதமர்களின் மாநாட்டில் இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இந்தோனேசியா கலந்துகொண்டன. ஆசிய–ஆப்பிரிக்க மாநாடு ஒன்றை நடத்தலாம் என்று இந்தோனேசியா முன்வைத்தது அங்கேதான். அடுத்த ஆண்டு ஏப்ரல் 18 முதல் 24 வரை பாண்டுங் நகரில் 29 நாடுகள் கூடின. 1964 ஜூன் 15இல் ஜெனீவாவில் ‘77 நாடுகள் குழு’ உருவானது. உறுப்பினர் எண்ணிக்கை 130ஐத் தாண்டிய பிறகும் பெயரில் 77 நிலைத்துவிட்டது. 1978 செப்டம்பர் 12இல் பியூனஸ் அயர்ஸில் 138 நாடுகள் ஒரு செயல்திட்டத்தை ஏற்றன. அதில் இருந்த பெயர் ‘வளரும் நாடுகளிடையே தொழில்நுட்ப ஒத்துழைப்பு’. ஐ.நா. இப்போது செப்டம்பர் 12ஐத் தென்னுலக ஒத்துழைப்பு நாளாகக் கடைப்பிடிப்பது அதனால்தான்.

தமிழில் எது சரி?

தெற்கு என்பது அடுத்த சொல்லோடு சேரும்போது ‘தென்’ ஆகும்: தென்கிழக்கு, தென்மேற்குப் பருவக்காற்று, தென்னாப்பிரிக்கா. ஆக ‘தென்–தென் ஒத்துழைப்பு’ இலக்கணப்படி தவறில்லை. ஆனால் காதில் விழும்போது ஒன்றும் விளங்காது. எந்தத் தெற்கு, எதற்கு இரண்டு முறை என்றே கேட்பவர் குழம்புவார். ‘தென்னாடு’, ‘தென்னகம்’ இரண்டும் தமிழ்நாட்டு வாசகருக்குத் தென்னிந்தியாவையே குறிக்கும். இலங்கைத் தமிழ் நாளிதழ்களில் சிக்கல் இன்னும் பெரிது. அங்கே ‘தெற்கு’ என்று எழுதினால் சிங்களப் பெரும்பான்மை அரசியல் களம் என்றே பொருள். ‘வடக்கு–தெற்கு உறவு’ என்ற தலைப்பு யாழ்ப்பாணத்தில் வேறு செய்தியாகவே படிக்கப்படும்.

‘தென்புல நாடுகள்’ என்று சிலர் எழுதுவதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். தென்புலத்தார் என்றால் இறந்துபோன முன்னோர். இல்வாழ்வான் பேண வேண்டிய ஐந்து தரப்பைச் சொல்லும் 43ஆம் குறள் அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. பெருந்தொற்றுச் சாவுகளைப் பற்றிய கட்டுரையில் உயிரோடிருக்கும் நாடுகளைத் தென்புலத்தார் ஆக்குவது பெரும்பிழை.

இரண்டாம் பாதிக்கு ‘கூட்டுறவு’, ‘ஒத்துழைப்பு’ என இரண்டு சொற்கள் போட்டியிடுகின்றன. கூட்டுறவு என்றதும் பால் சங்கமும் கடன் சங்கமும் நினைவுக்கு வருகின்றன. உறுப்பினர், பங்குத்தொகை, பதிவாளர் என்ற சட்ட அமைப்பு அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. நாடுகளுக்கிடையே அப்படி ஓர் அமைப்பு கிடையாது. ஒத்து + உழைப்பு என்று பிரியும் சொல்லில் இரு தரப்பும் கைவைத்து வேலை செய்வது தெரிகிறது. அதுவே இங்கே பொருந்தும்.

எங்கள் பரிந்துரை: கட்டுரையில் முதல்முறை வரும்போது ‘தென்னுலக நாடுகளிடையே ஒத்துழைப்பு’ என்று முழுதாக எழுதி, பிறகு ‘தென்னுலக ஒத்துழைப்பு’ என்று சுருக்கலாம். பொதுவாசகருக்கான செய்தியில் ‘வளரும் நாடுகளிடையே ஒத்துழைப்பு’ என்றாலே போதும். இலங்கையில் ‘வளர்முக நாடுகள்’ பழக்கத்தில் இருப்பதால் அதையே வைத்துக்கொள்ளலாம்.

உதவிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு

2009இல் நைரோபியில் ஏற்கப்பட்ட ஐ.நா. ஆவணம் இதன் நெறிகளை வரையறுத்தது: இறையாண்மைக்கு மதிப்பு, சமத்துவம், நிபந்தனை விதிக்காமை, உள்விவகாரத்தில் தலையிடாமை, இருதரப்புப் பயன். பணக்கார நாடுகள் தர வேண்டியதற்கு இது மாற்றாகாது, அதற்குத் துணையாக மட்டுமே இருக்கும் என்றும் அந்த ஆவணம் தெளிவாகச் சொல்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் இந்த நெறிகள் எந்த அளவுக்குத் தாங்கின என்று பார்த்தால்தான் சொல்லின் உண்மையான எல்லை புலப்படும்.

முதலில் பூட்டான். 2021 ஜனவரி 20இல் இந்தியா அனுப்பிய 1.5 லட்சம் டோஸ் கோவிஷீல்டு அங்கே போய்ச் சேர்ந்தது. மார்ச்சில் மேலும் 4 லட்சம். மார்ச் 27இல் தொடங்கி இரண்டு வாரங்களுக்குள் வயதுவந்தோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முதல் ஊசி போட்டு முடித்தார்கள். உலகமே வியந்தது. அதற்குள் இந்தியாவில் இரண்டாம் அலை எழுந்து ஏற்றுமதி நின்றது. முதல் ஊசிக்கும் இரண்டாவதற்கும் இடையில் 12 முதல் 16 வாரம்தான் விடலாம் என்பது கணக்கு. 16 வாரம் முடியும் ஜூலை நடுவில், அமெரிக்காவிலிருந்து 5 லட்சம் மாடர்னா டோஸும் டென்மார்க்கிலிருந்து 2.5 லட்சம் ஆஸ்ட்ராசெனகா டோஸும் வந்த பிறகே இரண்டாம் சுற்றுத் தொடங்கியது. கோவிஷீல்டைத் தயாரித்த இந்திய சீரம் நிறுவனத்தையே பெரிதும் நம்பியிருந்த, உலக நாடுகளுக்குத் தடுப்பூசியைப் பகிர்ந்தளிக்கும் கோவாக்ஸ் திட்டமும் அதே காரணத்தால் தடுமாறி, ஆப்பிரிக்க நாடுகள் பல காத்துக்கிடந்தன. இந்தியாவின் நல்லெண்ணத்தில் குறையில்லை. ஒரே நாட்டின் ஆலைகளைப் பல நாடுகள் நம்பியிருக்கும்போது, அந்த நாட்டில் நோய் பெருகினால் எல்லாருக்கும் கதவு அடைபடும். சரக்கை மட்டும் அனுப்பும் ஏற்பாட்டின் பலவீனம் அது.

கியூபா–ஈரான் ஏற்பாடு வேறு வகை. கியூபாவின் ஃபின்லே நிறுவனம் உருவாக்கிய சோபெரானா–02, டெட்டனஸ் நச்சுப்புரதத்தோடு வைரஸ் புரதத்தைப் பிணைத்துச் செய்த தடுப்பூசி. சாதாரணக் குளிர்பெட்டியின் 2 முதல் 8 டிகிரி வெப்பநிலையே அதற்குப் போதும். ஆனால் 2020இன் பிற்பகுதியில் கியூபாவில் தொற்று குறைவாக இருந்தது. தடுப்பூசி வேலை செய்கிறதா என்று அறிய, ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட வேண்டும். நோய் பரவாத இடத்தில் இரு தரப்பிலும் நோயாளிகள் கிடைக்காமல் முடிவு வர ஆண்டுக்கணக்கு ஆகும். ஈரானில் தொற்று மிகுதி. அங்குள்ள பாஸ்டர் நிறுவனம் மூன்றாம் கட்டச் சோதனையை நடத்தியது. பதிலுக்குத் தயாரிப்பு முறையைப் பெற்று ‘பாஸ்டோகோவக்’ என்ற பெயரில் தானே உற்பத்தி செய்தது. ஒருவரிடம் மருந்து, இன்னொருவரிடம் சோதனைக்களம். இருதரப்புப் பயன் என்ற நெறிக்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

இதற்கும் அடுத்த படி கேப் டவுன். 2021 ஜூனில் உலக சுகாதார நிறுவனம் அங்கே எம்ஆர்என்ஏ (வைரஸின் புரதத்தைச் செய்யும் குறிப்பை உடலுக்குத் தரும் மூலக்கூறு) தொழில்நுட்பப் பகிர்வு மையத்தை அறிவித்தது. அங்குள்ள அஃப்ரிஜென் நிறுவனம், எம்ஆர்என்ஏ தடுப்பூசி செய்யும் அமெரிக்க நிறுவனமான மாடர்னாவின் கைகொடுப்பு இல்லாமல், பொதுவெளியில் இருந்த அதன் தடுப்பூசியின் மரபணு வரிசையை வைத்து 2022 தொடக்கத்தில் ஆய்வக அளவில் தடுப்பூசியைச் செய்து காட்டியது. டிஎன்ஏ அச்சு தயாரித்தல், அதிலிருந்து நொதியால் எம்ஆர்என்ஏ எடுத்தல், தூய்மைப்படுத்தல், கொழுப்பு நுண்துகளில் பொதிதல், குப்பியில் நிரப்புதல் என்பது வேலையின் வரிசை. பிரேசில், அர்ஜென்டினா, வங்கதேசம், செனகல், வியட்நாம் முதலிய நாடுகளின் நிறுவனங்கள் இதைக் கற்றுக்கொள்ளும் பங்காளிகள்.

கற்றுக்கொண்டால் மட்டும் ஆலை ஓடாது. நொதிகளுக்கும் சிறப்புக் கொழுப்புகளுக்கும் சில நாடுகளின் வழங்குநர்களையே நம்ப வேண்டியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதி, அதாவது தர ஒப்புதல், பெற, தயாரிக்கும் நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த நிறுவனத்தின் நான்கு படி அளவுகோலில் மூன்றாம் முதிர்வு நிலையை எட்டியிருக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவே அதை 2022 அக்டோபரில்தான் எட்டியது. காப்புரிமை இன்னொரு சுவர். இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபர் 2இல் உலக வர்த்தக அமைப்பிடம் விலக்குக் கேட்டன. 2022 ஜூன் 17இல் முடிவு வந்தபோது அது தடுப்பூசிக்கு மட்டுமே என்று சுருங்கியிருந்தது; பரிசோதனைக் கருவிகளும் மருந்துகளும் வெளியே நின்றன.

எல்லாவற்றையும்விட ஆலையைச் சாய்ப்பது கொள்முதல் இல்லாமை. தென்னாப்பிரிக்காவின் ஆஸ்பென் நிறுவனம் ஜான்சன் அண்ட் ஜான்சன் தடுப்பூசியைத் தன் பெயரிலேயே விற்க 2022இல் உரிமம் பெற்றது. ஆர்டர் ஒன்றுகூட வரவில்லை. தயாரிக்கும் திறனைப் பகிர்பவர்கள், ‘இத்தனை டோஸை உங்களிடமே வாங்குவோம்’ என்ற கையெழுத்தையும் அண்டை நாடுகளிடமிருந்து முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும்.

நிதியில் இது எப்படி நடக்கும்?

நோய் தணிந்தபின் மீட்சியைத் தடுப்பது பெரும்பாலும் டாலர் தட்டுப்பாடு. சுற்றுலா நின்றதும் இலங்கைக்கு அந்த வருமானம் அற்றுப்போனது. 2020 ஜூலையில் இந்திய ரிசர்வ் வங்கி, தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கின் நாணய மாற்று ஏற்பாட்டின் கீழ் 40 கோடி டாலர் தந்தது. 2021 ஆகஸ்டில் வங்கதேச வங்கி கொடுக்கத் தொடங்கிய 20 கோடி டாலர் இன்னும் கவனிக்கத்தக்கது. நெடுங்காலம் உதவி வாங்கும் பட்டியலில் இருந்த நாடு அப்போது கொடுக்கும் இடத்தில் நின்றது.

நாணய மாற்று நடப்பது நகை அடகு போலத்தான். கேட்கும் நாட்டின் மத்திய வங்கி தன் ரூபாயை ஈடாக வைத்து டாலர் வாங்கும். குறித்த தவணையில் வட்டியோடு டாலரைக் கொடுத்து ரூபாயை மீட்கும். தவணை வழக்கமாகச் சில மாதங்களே என்பதால் நெருக்கடி நீண்டால் திருப்ப முடியாது. 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்தி வைத்தது; வங்கதேசமும் தன் தவணையை நீட்டிக்க நேர்ந்தது. 2023 செப்டம்பரில் முழுத்தொகையும் வட்டியோடு திருப்பித் தரப்பட்டது.

தொடர்புடைய ஒரு சொல்: முத்தரப்பு ஒத்துழைப்பு. இரண்டு வளரும் நாடுகள் சேர்ந்து செய்யும் வேலைக்கு ஒரு பணக்கார நாடோ பன்னாட்டு அமைப்போ நிதி தருவது. ‘முக்கோண ஒத்துழைப்பு’ என்பதைவிட இது தெளிவு. கேப் டவுன் மையத்துக்குப் பிரான்சும் கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் பணம் கொடுத்ததால், கணக்காகச் சொன்னால் அதை முத்தரப்பு ஒத்துழைப்பு என்றே எழுத வேண்டும். வங்கதேசம் இலங்கைக்குக் கொடுத்ததைத் தென்னுலக ஒத்துழைப்பு என்று தயங்காமல் எழுதலாம்.