பேதிக்கு ஓஆர்எஸ்: ஒரு பாக்கெட்டை ஒரு டம்ளரில் கலக்காதீர்கள்

பேதியாகும் குழந்தைக்கு ஓஆர்எஸ் (உப்பும் குளுக்கோஸும் சேர்ந்த பொடியைத் தண்ணீரில் கரைத்த கரைசல்) கொடுத்தீர்களா என்று கேட்டால் எல்லோரும் "கொடுத்தோம் டாக்டர்" என்கிறார்கள். எவ்வளவு தண்ணீரில் கலக்கினீர்கள் என்று கேட்கும்போதுதான் பகீரென்கிறது. "ஒரு டம்ளரில்." ஏன்? "ஒரு லிட்டரையும் பிள்ளை குடிக்கவா போகுது, மீதி வீணாயிடுமே." இந்தப் பதிலை இன்னொரு முறை கேட்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஓஆர்எஸ் பொடியை டானிக் மாதிரி நினைக்காதீர்கள். கெட்டியாகக் கலக்கினால் தெம்பு கூடாது, ஆபத்துதான் கூடும். உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் பாக்கெட்டில் மொத்தம் 20.5 கிராம் பொடி இருக்கும்: குளுக்கோஸ் 13.5, சாதாரண உப்பு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, சோடியம் சிட்ரேட் 2.9 கிராம். இதை ஒரு லிட்டரில் கரைத்தால், உப்பிலும் சிட்ரேட்டிலும் இருக்கும் சோடியம் 75 மில்லிமோல் (துகள்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் அலகு), குளுக்கோஸும் 75 மில்லிமோல். இரண்டும் சமமாக இருப்பது தற்செயல் அல்ல. பேதியின்போதும் குடல் சுவரில் குளுக்கோஸையும் சோடியத்தையும் ஒன்றாக உள்ளே இழுக்கும் வாசல் பெரும்பாலும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். அவை போனால் பின்னாலேயே தண்ணீரும் போகும்.

இப்போது டம்ளருக்கு வருவோம். சரியாகக் கலந்த கரைசலின் அடர்த்தி, அதாவது ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் துகள்களின் அளவான ஆஸ்மோலாரிட்டி, 245. ரத்தத்தின் அடர்த்தி ஏறத்தாழ 285. கரைசல் ரத்தத்தைவிட நீர்த்திருப்பதால் தண்ணீர் குடலிலிருந்து ரத்தத்துக்குள் போகிறது. அதே பாக்கெட்டை 200 மில்லியில் கரைத்தால் அடர்த்தி 1225. தண்ணீர் எதிர்த்திசையில், ரத்தத்திலிருந்து குடலுக்கு இழுக்கப்படும். பேதி இன்னும் அதிகமாகும். போதாக்குறைக்கு உப்பு மட்டும் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். கைக்குழந்தையின் சிறுநீரகத்தால் பெரியவர்களுடையதைப் போல உப்பை அடர்த்தியாக வெளியேற்ற முடியாது. லிட்டருக்கு 135-க்கும் 145 மில்லிமோலுக்கும் இடையில் இருக்க வேண்டிய ரத்த சோடியம் 160-ஐத் தாண்டினால் மூளைச் செல்கள் நீரிழந்து சுருங்கும், வலிப்பு வரும்.

இப்படிச் சோடியம் ஏறிய குழந்தைகள் நம்மையும் ஏமாற்றிவிடுவார்கள். கண் அவ்வளவாகக் குழி விழாது, தோலும் தொய்யாது. ஆனால் தொட்டாலே வீறிட்டு அழும், தண்ணீரைக் கண்டால் பாயும். சிகிச்சையிலும் அவசரப்பட முடியாது. சோடியத்தைச் சட்டென்று இறக்கினால் சுருங்கியிருந்த மூளை வீங்கிவிடும். ஒரு நாளைக்குச் சுமார் 10 மில்லிமோல் என்று மெதுவாகத்தான் இறக்க வேண்டும். "டிரிப்ஸை வேகமா ஏத்துங்க" என்று தயவுசெய்து வற்புறுத்தாதீர்கள்.

பாக்கெட்டில் பாதியைக் கொட்டிக் கலக்குவதும் வேண்டாம். உப்பும் குளுக்கோஸும் வெவ்வேறு பருமனுள்ள துகள்கள். உங்கள் பாதியில் எது எவ்வளவு விழுந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. 200 மில்லிக்கென்றே சிறிய பாக்கெட்டுகளும் உண்டு. அதனால் முதலில் உறையில் எவ்வளவு தண்ணீர் என்று அச்சிட்டிருக்கிறது என்பதைப் படியுங்கள். தண்ணீரை டம்ளர் கணக்கில் அளக்காதீர்கள், ஒவ்வொரு டம்ளரும் ஒவ்வொரு அளவு. ஒரு லிட்டருக்கான பாக்கெட் என்றால், ஒரு லிட்டர் பாட்டிலில் காய்ச்சி ஆறிய தண்ணீரை அளந்து சுத்தமான பாத்திரத்தில் ஊற்றி, முழுப் பாக்கெட்டையும் போட்டு, அடியில் பொடி தங்காமல் கலக்குங்கள். கலந்த பிறகு கொதிக்க வைக்கக் கூடாது. சர்க்கரை, பால், ஜூஸ் எதையும் சேர்க்கக் கூடாது. கண்ணீரைவிட உப்புக் கரித்தால் தப்பாகக் கலந்திருக்கிறீர்கள், கொட்டிவிடுங்கள்.

மறுபக்கமும் ஆபத்துதான். வெறும் தண்ணீரை மட்டும் நிறையக் கொடுத்தால் சோடியம் இறங்கி, மூளை வீங்கி, அதிலும் வலிப்பு வரும். ஆறு மாதத்துக்குள் உள்ள குழந்தைக்குத் தாய்ப்பாலும் ஓஆர்எஸ்ஸும் போதும், தனியாகத் தண்ணீர் வேண்டாம்.

ஒவ்வொரு பேதிக்கும் பிறகு இரண்டு வயதுக்குள் என்றால் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி கொடுங்கள். கண் குழி விழுந்து, தாகத்தோடு எரிச்சலாக இருந்தால் மருத்துவமனையில் உட்காரவைத்து, கிலோவுக்கு 75 மில்லி வீதம் நான்கு மணி நேரத்தில் கொடுப்போம். 10 கிலோ குழந்தைக்கு 750 மில்லி. மலைப்பாகத் தெரியும், ஆனால் ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு டீஸ்பூன் கொடுத்தாலே நான்கு மணி நேரத்தில் 800 மில்லி போய்விடும். வாந்தி எடுத்தால் நிறுத்திவிடாதீர்கள். பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடருங்கள். தாய்ப்பாலையும் வழக்கமான சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம். ஓஆர்எஸ் பேதியை நிறுத்தாது, நீர்ச்சத்தைத்தான் காப்பாற்றும். "குடிச்சும் நிக்கலையே" என்று தூக்கி எறியாதீர்கள்.

குழந்தை சோர்ந்து எழுப்ப முடியாமல் கிடந்தாலும், குடிக்கவே முடியாவிட்டாலும், மலத்தில் ரத்தம் வந்தாலும், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் இரண்டு விநாடிக்கு மேல் மடிந்தே நின்றாலும், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலும் வீட்டில் காத்திருக்காதீர்கள்.

கலந்த கரைசலை மூடி வைத்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். அதற்கு மேல் அரை லிட்டரே மிஞ்சினாலும் கீழே கொட்டிவிட்டு, அடுத்த பாக்கெட்டைப் புதிதாக ஒரு லிட்டரில் கலக்குங்கள்.