டிவிடெண்டுக்கு ஈவு இருக்கப் பங்காதாயம் எதற்கு?

கம்பெனி தன் பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தரும் பணமான டிவிடெண்டைப் ‘பங்காதாயம்’ என்று சொல்வதை இனிமேலாவது நிறுத்த வேண்டும். பாளையங்கோட்டைப் பக்கம் நடக்கிற முதலீட்டாளர் விழிப்புணர்வுக் கூட்டங்களில் இது மேடைச் சொல்லாகவே ஆகிவிட்டது. பேச வருகிறவர் மூச்சுக்கு மூச்சு பங்காதாயம் என்கிறார். கேள்வி நேரம் வந்ததும் பணி ஓய்வு பெற்ற ஒருவர் எழுந்து, “அண்ணாச்சி, நான் ஒரு பங்கைக்கூட விக்கலையே, எனக்கு எப்படி ஆதாயம் வரும்?” என்று கேட்கிறார். சுற்றி இருக்கிறவர்கள் சிரிக்கிறார்கள். அவர் கேட்டதில் என்ன தப்பு?

முதலில் சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஆங்கில டிவிடெண்ட் லத்தீனிலிருந்து வந்தது. பிரித்தல் என்ற வினையடியில் பிறந்து, ‘பிரிக்கப்பட வேண்டியது’ என்று பொருள் தருவது. அதனால்தான் ஆங்கிலப் பள்ளிக் கணக்கில் வகுபடும் எண்ணுக்கும் இதே பெயர். தமிழில் ‘ஈ’ என்றால் கொடு. சா சாவு ஆனது போல, நோ நோவு ஆனது போல, ஈ ஈவு ஆனது. 20-ஐ 4-ஆல் வகுத்தால் 20 வகுபடும் எண், 4 வகுக்கும் எண், 5 ஈவு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

ஆங்கிலம் பிரிக்க வைத்திருக்கும் மொத்தக் குவியலுக்குப் பெயர் வைத்தது. தமிழ் ஒவ்வொருவர் கைக்கும் வந்து சேர்வதற்குப் பெயர் வைத்திருக்கிறது. கம்பெனி 20 கோடி ரூபாயைப் பங்குதாரர்களுக்கென்று ஒதுக்குகிறது, மொத்தம் 4 கோடிப் பங்குகள் இருக்கின்றன என்றால், பங்குக்கு 5 ரூபாய். அதுதான் ஈவு. சின்ன முதலீட்டாளர் தெரிந்துகொள்ள நினைப்பதும் அந்த 5 ரூபாயைத்தான். மூலச்சொல்லை விடப் பெயர்ப்பு தெளிவாக அமைவது அபூர்வம். இங்கே அமைந்திருக்கிறது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு சொல் தேடுகிறார்கள்.

பங்காதாயத்தில் அப்படி என்ன கோளாறு என்று கேட்கலாம். ஆதாயம் என்றால் நம் காதில் விழுவது விற்று வந்த லாபம். நூறு ரூபாய்க்கு வாங்கி நூற்றைம்பதுக்கு விற்றால் ஐம்பது ஆதாயம். பங்கையும் ஆதாயத்தையும் ஒட்டவைத்தால், பங்கை விற்றதில் கிடைத்த ஆதாயம் என்றுதான் யாரும் புரிந்துகொள்வார்கள். அதற்கோ மூலதன ஆதாயம் என்று தனியாகவே ஒரு பெயர் இருக்கிறது. மூலதன ஆதாயம், பங்காதாயம் என்று இரண்டையும் ஒரே பேச்சில் அடுத்தடுத்துச் சொன்னால் எது எது என்று யாருக்கு விளங்கும்?

இது வெறும் சொற்சண்டையும் இல்லை. வருமான வரிக் கணக்கில் இரண்டும் வேறு வேறு தலைப்பில் வருகின்றன. ஈவு ‘பிற வருமானம்’ என்ற தலைப்பில் சேர்ந்து, அவரவர் வரி அடுக்குப்படி வரிக்கு உட்படும். 2020 மார்ச் வரை கம்பெனியே பகிர்வு வரி கட்டிவிட்டுத்தான் நமக்குத் தந்தது. அந்த ஏப்ரல் முதல் வரிப் பொறுப்பு வாங்குகிறவர் தலையில். ஒரு நிதியாண்டில் ஒரே கம்பெனியிலிருந்து 10,000 ரூபாய்க்கு மேல் வந்தால் 10 சதவீதத்தை டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கும் வரியாக எடுத்துக்கொண்டுதான் அனுப்புவார்கள். 2025 ஏப்ரலுக்கு முன்னால் இந்த வரம்பு 5,000 ரூபாயாக இருந்தது. பங்கை விற்ற ஆதாயத்துக்குக் கணக்கே வேறு. சந்தையில் பட்டியலிட்ட பங்கை 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் வரையான ஆதாயத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் 12.5 சதவீதம். 12 மாதத்துக்குள் விற்றால் 20 சதவீதம். ஈவைப் பங்காதாயம் என்று படித்துவிட்டு, அந்த 1.25 லட்ச விலக்கு இதற்கும் உண்டு என்று ஒருவர் நம்பினால், அந்தக் குழப்பத்துக்கு யார் பொறுப்பு? சொல்லை உண்டாக்கினவர் வந்து வரி கட்டப் போவதில்லை.

‘லாபப் பங்கு’ என்று சொல்கிறவர்களும் உண்டு. ஷேருக்குப் பங்கு என்ற சொல் நிலைத்துவிட்ட பிறகு, லாபப் பங்கு என்றால் லாபத்தில் ஓடுகிற பங்கு என்றும் பொருள்படும். இலங்கையில் பங்கிலாபம் என்கிறார்கள். அங்கே அது வேரூன்றிவிட்டது, நாம் போய்ப் பிடுங்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வருஷத்து லாபத்திலிருந்துதான் ஈவு தர வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. முந்தைய ஆண்டுகளில் சேர்த்து வைத்த லாபத்திலிருந்தும், விதிமுறைக்கு உட்பட்டுத் தரலாம். லாபம் என்பதைச் சொல்லுக்குள்ளேயே திணித்துவிட்டால், நஷ்டம் காட்டிய கம்பெனி எப்படி லாபப் பங்கு தருகிறது என்ற அடுத்த கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

வட்டி என்பவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். வட்டி கொடுத்தே தீர வேண்டும், ஈவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவ்வளவுதான்.

தென்காசியில் தமிழாசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர் வேறு பக்கத்திலிருந்து வருகிறார். அவருக்கு ஈவு பிடிக்காது. தொல்காப்பியம் ஈ, தா, கொடு என்ற மூன்றையும் பிரித்து, ‘ஈ’ என்று கேட்பவன் கொடுப்பவனை விடத் தாழ்ந்தவன், ‘தா’ என்பவன் சமமானவன், ‘கொடு’ என்பவன் உயர்ந்தவன் என்கிறது. பங்குதாரர் கம்பெனியின் சொந்தக்காரர், அவர் ஏன் ‘ஈ’ என்று கையேந்த வேண்டும் என்பது அவர் வாதம். அவர் முன்வைக்கும் மாற்று ‘வாரம்’. தாமிரபரணிப் பாசனத்தில் நிலக்காரருக்கு மேல்வாரம், உழுதவருக்குக் குடிவாரம் என்று கார், பிசானம் இரண்டு போகத்துக்கும் நெல்லைப் பிரித்துக்கொண்ட ஊர்தானே இது, அந்தச் சொல் சும்மா கிடக்கிறதே என்கிறார்.

ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் வாரம் என்பது விளைந்ததில் இவருக்கு இவ்வளவு என்று முன்னாலேயே பேசி வைத்த பாகம். ஈவில் முன்பேச்சு ஏது? இயக்குநர் குழு பரிந்துரைத்தால்தான் உண்டு. இறுதி ஈவு என்றால் அதைப் பொதுக்கூட்டம் அறிவிக்க வேண்டும். அந்தக் கூட்டத்திலும் பங்குதாரர்கள், குழு பரிந்துரைத்ததைக் குறைக்கலாமே தவிர ஒரு பைசா கூட்ட முடியாது. இதைக் கேட்ட பிறகும் ‘ஈ’ பொருந்தாது என்று நண்பர் சொல்வாரா தெரியவில்லை! தவிர, வாரம் என்றதும் இன்றைக்கு ஞாயிறு திங்கள்தான் ஞாபகம் வரும். ‘அரையாண்டு வாரம்’ என்று எழுதிப் பாருங்கள்.

பங்கு முதலீடு இந்தச் சீமைக்கு நேற்று வந்த சங்கதியும் இல்லை. 1906-இல் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், மொத்தம் 10 லட்சம் மூலதனம் என்றுதான் திட்டம். தூத்துக்குடி அன்று திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. 1921-இல் அதே ஊரில் நாடார் வங்கியாகப் பிறந்த தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி 2022 செப்டம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தது. இப்படிப்பட்ட ஊரில் ஈவு என்ற சொல்லை விளக்க மேடை போட வேண்டியிருக்கிறது.

என் எரிச்சலில் பாதி மொழிபெயர்ப்பாளர்கள் மேல்தான், எந்திரம் மனிதர் இரண்டு பேரையும் சேர்த்தே சொல்கிறேன். எக்ஸ்-டிவிடெண்ட் தேதியை ‘முன்னாள் ஈவுத்தொகை தேதி’ என்று எழுதுகிறார்கள். முன்னாள் அமைச்சர் தெரியும், முன்னாள் ஈவு எது? அந்த நாளிலிருந்து பங்கை வாங்குகிறவருக்கு அந்தத் தவணை ஈவு சேராது, அவ்வளவுதான் விஷயம். ‘ஈவு நீங்கிய நாள்’ என்றால் போயிற்று. அன்று காலை பங்கு விலை ஏறத்தாழ ஈவின் அளவுக்கு இறங்கித் தொடங்குவது ஏன் என்பதும் அந்தப் பெயரிலேயே விளங்கிவிடும்.

ஈல்டுக்கு ‘மகசூல்’ என்பது இன்னொரு கூத்து. எங்கள் பக்கம் மகசூல் என்றால் வயலுக்கு எத்தனை கோட்டை நெல் என்ற கணக்கு. ஈல்ட் என்பது இன்றைய சந்தை விலையில் ஈவு எத்தனை சதவீதம் என்பது. ‘விலைக்கு ஈவு’ என்றாலே போதும். இதைப் பிரித்துச் சொல்லாததால்தான் ‘100 சதவீதம் டிவிடெண்ட்’ என்ற செய்தியைப் பார்த்துப் போட்ட பணம் இரட்டிப்பாகும் என்று நினைக்கிறார்கள். அந்த 100 சதவீதம், பங்குக்குக் கம்பெனி குறித்து வைத்த மதிப்பான முகமதிப்பின் மேல். முகமதிப்பு 1 ரூபாய், சந்தை விலை 500 ரூபாய் என்றால், கைக்கு வருவது 1 ரூபாய். விலைக்கு ஈவு 0.2 சதவீதம்.

மியூச்சுவல் ஃபண்டில் மட்டும் ஈவு என்ற சொல்லையும் நான் ஏற்க மாட்டேன். ஃபண்டின் ஒரு யூனிட் மதிப்பு 50 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து 3 ரூபாயை எடுத்து உங்களுக்கே தந்தால் மதிப்பு 47 ஆகிவிடும். உங்கள் பணமே உங்களிடம் திரும்புகிறது, போட்ட மூலதனமும் அதில் கலந்திருக்கலாம். டிவிடெண்ட் என்ற பெயரால் ஜனங்கள் இதைக் கூடுதல் வருமானம் என்று எண்ணியதால்தான், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2021 ஏப்ரல் முதல் அந்தப் பெயரையே எடுத்துவிட்டு, வருமானத்தைப் பகிர்வதோடு மூலதனத்தை எடுப்பதும் சேர்ந்தது என்று பொருள்படும் நீளமான பெயரை வைத்தது. அதைத் தமிழில் ‘வருமான விநியோகம் உடன் மூலதனத் திரும்பப்பெறுதல்’ என்று எழுதினால் வாசிக்கிறவருக்கு மூச்சு வாங்குகிறது. ‘பகிர்வுத் திட்டம்’ என்று பெயரிட்டு, ‘உங்கள் முதலிலிருந்தும் எடுத்துத் தரப்படலாம்’ என்று கீழே ஒரு வரி போட்டால் முடிந்தது.

அப்புறம், ஈவுத்தொகையா ஈவா என்று கேட்பவர்களுக்கு: தொகை தேவையில்லை, இருந்தாலும் குற்றமில்லை. ஆனால் இடைக்கால ஈவு, இறுதி ஈவு, சிறப்பு ஈவு, கோரப்படாத ஈவு என்று அடுக்கும்போது சின்னதாக இருப்பதுதான் வசதி. கோரப்படாத ஈவு என்று பட்டியலில் உங்கள் பெயர் வந்தால் உடனே எழுதிக் கேளுங்கள். ஏழு வருஷம் அப்படியே கிடந்தால் அது முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதியத்துக்குப் போய்விடும். ஏழு வருஷமும் தொடர்ந்து வாங்காமல் விட்டிருந்தால் பங்கும் கூடவே போகும். திரும்ப வாங்கலாம், ஆனால் விண்ணப்பம், சான்று என்று நிறைய அலைய வேண்டும்.