செட் என்றால் கணம், ஆட் என்றால் சேர்

பைத்தான் நிரல்மொழி படிக்கத் தொடங்கும் பிள்ளைகள், பொருள்களை வரிசையாக வைக்கும் லிஸ்ட் முடித்து, வரிசையின்றித் திரட்டி வைக்கும் செட்டுக்கு வந்ததும் முழிப்பது இங்கேதான்: மல்லியை இரண்டு தடவை சேர்த்தால் உள்ளே ஒரு மல்லிதான் இருக்கும். பிழைச் செய்தியும் வராது. காரணம் செட் என்ற சொல்லின் பொருளிலேயே இருக்கிறது.

செட்டுக்கு, ஒரு பொருள் உள்ளே இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் கணக்கு. எத்தனை முறை, எந்த வரிசையில் என்பதெல்லாம் கிடையாது. ஜெர்மன் கணிதவியலர் கேன்டர் 1895இல் இதற்கு வரையறை எழுதியபோது பயன்படுத்திய சொல் மெங்கே. ஆங்கிலத்தில் அது செட் ஆனது. குழுவைக் குறிக்கும் இந்த செட், லத்தீன் செக்டாவிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. செக்டா என்றால் ஒருவரைப் பின்பற்றும் கூட்டம். 'எங்க செட்டு பசங்க' என்கிறோமே, அதில் அந்தப் பழைய பொருள் அப்படியே இருக்கிறது.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதைக் கணம் என்கின்றன. பூதகணம், கணபதி என்பவற்றில் வரும் அதே வடசொல். இலங்கைப் பாடநூல்களில் தொடை. தொடுப்பது தொடை. அருமையான தமிழ்ச்சொல், ஆனால் பூவைத் தொடுத்துவிட்டால் எது முன், எது பின் என்று வரிசை வந்துவிடுகிறதே! வரிசையே இல்லாத ஒன்றுக்குக் கணம்தான் பொருத்தம் என்பேன். தொகுப்பு என்று எழுதுவோரும் உண்டு. லிஸ்டும் தொகுப்புதானே, வேண்டாம்.

சரி, செட்டுக்குள் ஒரு பொருளைப் போடும் கட்டளையான ஆட்? கூட்டு என்று எழுதிவிடாதீர்கள். இரண்டோடு இரண்டைக் கூட்டினால் நான்கு. கணத்தில் இருக்கும் இரண்டோடு இன்னொரு இரண்டைச் சேர்த்தால் அதே ஒரு இரண்டுதான். அதனால் சேர்.

செட்டின் இன்னொரு கட்டளையான அப்டேட் என்பதும் இங்கே 'புதுப்பி' இல்லை. பாடநூலில் வரும் சேர்ப்புக் கணம்தான் அது: பல உறுப்புகளை ஒரே நேரத்தில் உள்ளே சேர்ப்பது. ஆட்டுக்கு 'மல்லி' என்று கொடுத்தால் மல்லி முழுசாக உள்ளே போகும். வெற்றுக் கணம் ஒன்றை எடுத்து, அதே சொல்லை அப்டேட்டுக்குக் கொடுத்துப் பாருங்கள். கொடுத்ததைப் பிரித்து, உள்ளிருப்பவற்றை ஒவ்வொன்றாகச் சேர்ப்பதால் ம, ல, புள்ளி, இகரக் குறி என்று நான்காக உதிர்ந்து கிடக்கும். கணினி எழுத்துகளைப் பதியும் யூனிகோடு முறையில் மல்லி ஐந்து குறிகள். ல இரண்டு முறை வருவதால் ஒன்று போய்விட்டது. மல்லியும் முல்லையும் உதிராமல் சேர வேண்டுமானால், இரண்டையும் சதுர அடைப்புக்குள் லிஸ்டாக வைத்து அப்டேட்டிடம் கொடுங்கள்.